குட், வுட், மஸ்ட் தகராறு: ஹெலன் கெல்லர் கதையை வைத்துக் கோளாறு நீக்கும் வழி

கோத்தகிரியில் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் பலதரப்பட்டவர்கள்: தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் வேலை பார்ப்பவர், ஹோம்ஸ்டே நடத்துகிறவர், நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டுத் தேர்வுக்குத் தயாராகும் பெண்கள், பிளஸ் டூ பிள்ளைகள். மோடல் வெர்ப், அதாவது முடியும், வேண்டும், லாம் மாதிரி பொருளை வினைச்சொல்லோடு சேர்க்கும் ஆங்கிலத் துணைவினை, என்று வந்துவிட்டால் மட்டும் எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான் கோளாறு. கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷுட், வுட் என்று பட்டியலை மளமளவென ஒப்பிப்பார்கள், பக்கத்தில் தமிழ் அர்த்தமும் எழுதி வைத்திருப்பார்கள், ஒரு பத்தி எழுதச் சொன்னால் எல்லாம் இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.

பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு ஒரு வாழ்க்கைக் கதையை எடுங்கள். வாழ்க்கைக் கதையில் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது, அதனால் எந்த மோடலைப் பார்த்தாலும் "இது நிஜமாக நடந்ததா, நடக்கவில்லையா, இல்லை எழுதியவர் ஊகிக்கிறாரா?" என்று கேட்டுவிடலாம். பதில் அந்தக் கதைக்குள்ளேயே கிடைக்கும். கீழே வரும் சோதனைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே கேள்விதான்.

நான் எடுத்துக்கொள்வது ஹெலன் கெல்லர் கதை. முடிந்தது, முடியவில்லை, முடிந்திருக்கும் என்பதெல்லாம் அந்த வாழ்க்கையில் நிறைய உண்டு. தெரியாதவர்களுக்குச் சுருக்கம்: 1880 ஜூன் 27 அன்று அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் டஸ்கம்பியாவில் பிறந்தார். 19 மாதக் குழந்தையாக இருந்தபோது வந்த ஒரு நோயில் பார்வையும் செவியும் போயின. 1887 மார்ச் 3 அன்று பாஸ்டனின் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் படித்த ஆன் சல்லிவன் என்ற 20 வயதுப் பெண் ஆசிரியையாக வந்து சேர்ந்தார். ஏப்ரல் 5 அன்று பம்பிலிருந்து தண்ணீர் ஒரு கையில் கொட்ட, மறு கையில் ஆன் "வாட்டர்" என்று விரலால் எழுத்துக்கூட்ட, பொருளுக்குப் பெயர் உண்டு என்பது ஹெலனுக்குப் பிடிபட்டது. 1904-இல் ராட்கிளிஃப் கல்லூரியில் பி.ஏ. பட்டம். 1968-இல் மறைவு.

தேவையானவை: இந்தக் கதை எளிய ஆங்கிலத்தில் இரண்டு பக்கம், ஒரு பென்சில், ஒரு நோட்டு. அவ்வளவுதான். இன்னொன்று, இந்தக் கட்டுரையில் குட் என்று வருவதெல்லாம் கேன் என்பதன் இறந்தகாலம், குட் மார்னிங் குட் இல்லை.

## அறிகுறி 1: "ஷி குட் டு ஸ்பீக்", "ஹி கேன் கோஸ்"

மிகச் சாதாரணக் கோளாறு, செலவே இல்லாமல் சரியாகும். வான்ட் டு, ஹேவ் டு என்று சொல்லிப் பழகிய நாக்கு எல்லாவற்றுக்கும் ஒரு "டு" ஒட்டிவிடுகிறது. பென்சிலை எடுத்து, கதையில் உள்ள ஒவ்வொரு மோடலுக்கும் அடுத்த சொல்லை வட்டமிடுங்கள். வட்டத்துக்குள் வெறும் வினைச்சொல் மட்டும் இருக்கும். டு, எஸ், ஈடி, ஐஎன்ஜி எதுவும் இருக்காது. நடுவில் நாட் வந்தால் அதைத் தாண்டிப் பாருங்கள். ஆட் டு (ought to), ஹேவ் டு, பி ஏபிள் டு மூன்றும் டு-வோடு பிறந்தவை, அவற்றை விட்டுவிடுங்கள். ஒரு பக்கம் வட்டமிட்ட பிறகும் தப்பு தொடர்ந்தால் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு வாரம் சத்தமாகப் படியுங்கள், காது சரிசெய்துவிடும்.

## அறிகுறி 2: "இன் 1904 ஷி குட் கெட் எ டிகிரி"

எழுதியவர் சொல்ல வந்தது: 1904-இல் அவரால் பட்டம் வாங்க முடிந்தது. ஆங்கிலம் படிப்பவருக்கு இது உறுத்தும். என் வகுப்பில் அதிகம் வரும் கோளாறு இதுதான், அதுவும் நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவர்களிடம்.

முதல் காரணம்: "முடிந்தது என்றால் குட்" என்று நோட்டில் எழுதி வைத்திருப்பது. அந்த வரியை அடித்துவிடுங்கள். நம் "முடிந்தது" இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, ரொம்ப நாள் இருந்த திறமை. இன்னொன்று, ஒரு நாள் ஒரு காரியத்தைச் சாதித்தது. குட் முதல் வேலைக்குத்தான்.

சோதனை: அந்த வாக்கியத்துக்குத் தேதி போட முடியுமா என்று பாருங்கள். பட்டம் வாங்கியதற்குத் தேதி உண்டு, அது ஒரே தடவை நடந்தது. அங்கே "ஷி வாஸ் ஏபிள் டு கெட் எ டிகிரி" அல்லது "ஷி மேனேஜ்ட் டு கெட் எ டிகிரி". கஷ்டத்தைக் காட்ட வேண்டாம் என்றால் வெறுமனே "ஷி காட் எ டிகிரி" போதும், பெரும்பாலான இடத்தில் இதுவே அழகு. பிரெயில் எழுத்து படிக்கத் தெரிந்திருந்தது என்பதற்கு ஒற்றைத் தேதி கிடையாது, அது கூடவே இருந்த திறமை. "ஷி குட் ரீட் பிரெயில்" சரி.

இங்கே இரண்டு கிளை பிரியும்.

எதிர்மறையாக இருந்தால்: கவலை வேண்டாம். குட் நாட் இரண்டுக்கும் பொருந்தும். குழந்தைப் பருவத்தில் பேச முடியவில்லை என்றாலும், ஆன் ஒரு நாள் கையில் எழுத்துக்கூட்டிய "டால்" (பொம்மை) என்ற சொல்லுக்கு அர்த்தம் புரிந்துகொள்ள முடியவில்லை என்றாலும் குட் நாட் தான். அதனால் இந்தத் தப்பு நேர்மறை வாக்கியத்தில் மட்டும் தேடுங்கள், நேரம் மிச்சம்.

பார்த்தல், கேட்டல், உணர்தல் வினைகளாக இருந்தால்: தேதி இருந்தாலும் குட் வரும். 1887 ஏப்ரல் 5, அந்தப் பம்பு பக்கத்தில், "ஷி குட் ஃபீல் தி கோல்ட் வாட்டர்" என்பது முழுக்கச் சரி. அதற்கு அடுத்த நொடி நடந்ததைச் சொல்லும்போது மட்டும் "ஷி வாஸ் ஏபிள் டு கனெக்ட் தி வேர்ட் வித் தி வாட்டர்" என்று மாற வேண்டும். ஒரே காட்சிக்குள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடைப்பதால்தான் இந்தக் கதையை நான் விடுவதில்லை.

கொஞ்சம் செலவு வைக்கும் காரணம்: எல்லாச் சோதனையும் தெரிந்தும் எழுதும் வேகத்தில் குட் வந்து விழுவது. இதற்கு ஒரே வழி உங்கள் வீட்டுக் கதையை எழுதுவது. பாட்டி பச்சை இலை பறித்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தது, அப்பா ஊட்டியில் முதல் வேலை வாங்கியது எல்லாவற்றையும் எழுதி, நேர்மறை குட் அனைத்தையும் அடிக்கோடிட்டுத் தேதிச் சோதனை போடுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு பக்கம் போதும்.

## அறிகுறி 3: வுட் வந்தாலே "இருந்தால்" என்று படிப்பது

"ஆன் வுட் ஸ்பெல் வேர்ட்ஸ் இன்டு ஹெலன்ஸ் ஹேண்ட்." இதைப் படித்துவிட்டு, "எழுத்துக்கூட்டியிருப்பாள், ஆனால் கூட்டவில்லை" என்று அர்த்தம் சொல்லுவார்கள். இஃப் வாக்கியம் படித்த பாதிப்பு. பள்ளியில் வுட் என்றாலே இஃப்போடு சேர்த்துத்தான் நடத்துகிறார்கள்.

உண்மையில் இதில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது, யாரும் சொல்லித் தருவதில்லை. "அந்தக் காலத்தில் தாத்தா கட்டபெட்டிலிருந்து கோத்தகிரிக்கு நடந்தே வருவார்" என்கிறோம். வருவார் என்பது வடிவத்தில் எதிர்காலம், சொல்வது கடந்தகால வழக்கம். வுட் செய்வது அச்சு அசலாக இதையேதான். ஆன் அந்தக் கையில் எழுத்துக்கூட்டுவார், நாள் முழுக்க, திரும்பத் திரும்ப.

வுட் கண்ணில் பட்டால் வரிசையாக இப்படிப் பாருங்கள்:

பக்கத்தில் இஃப் இருக்கிறதா? இருந்தால் பள்ளியில் படித்த வுட் தான், நடக்காத விஷயம். இஃப் இல்லாவிட்டாலும் வித்தவுட் ஆன் என்பதுபோல் ஏதாவது ஒளிந்திருக்கலாம்: "வித்தவுட் ஆன், ஹர் லைஃப் வுட் ஹேவ் பீன் டிஃபரென்ட்." ஆன் வந்தார், ஆகவே அந்த வேறு வாழ்க்கை நடக்கவில்லை.

இஃப் இல்லை, திரும்பத் திரும்ப நடந்ததா? கடந்தகால வழக்கம். மேலே சொன்ன தாத்தா கணக்கு.

ஒரே தடவை, பிற்பாடு நடந்ததா? "ஷி வுட் விசிட் இந்தியா இன் 1955." கதை 1887-இல் நின்றுகொண்டு பின்னால் வரப்போவதைச் சொல்கிறது. நிஜமாகப் போனார். இங்கேதான் பிள்ளைகள் அதிகம் சறுக்குவார்கள், "போயிருப்பார், தெரியவில்லை" என்று எழுதிவிடுவார்கள்.

வுட் நாட் வந்து, ஆள் உயிரோடு எதிரில் நிற்கிறாரா? பெரும்பாலும் மறுத்தார் என்று பொருள். "ஹெலன் வுட் நாட் யூஸ் எ ஸ்பூன்." ஆன் வந்த புதிதில் சாப்பாட்டு மேசையில் பெரிய மல்லுக்கட்டு நடந்தது, மற்றவர் தட்டிலிருந்து கையால் எடுத்துச் சாப்பிட்டுப் பழகிய குழந்தை கரண்டியைத் தொடமாட்டேன் என்றது. தொடமாட்டேன், அதுதான் இந்த வுட் நாட்.

நீங்கள் எழுதும்போது ஒரு எச்சரிக்கை: வழக்கத்துக்கு வுட் சரி, நிலைக்குச் சரியில்லை. டஸ்கம்பியாவில் வசித்து வந்தார் என்பதற்கு "ஷி வுட் லிவ்" என்று போட்டால் பிற்பாடு அங்கே போய் வசிக்கப்போகிறார் என்று அர்த்தம் மாறிவிடும். "ஷி யூஸ்ட் டு லிவ்" அல்லது "ஷி லிவ்ட்". சந்தேகம் வந்தால் யூஸ்ட் டு போடுங்கள், வழக்கம், நிலை இரண்டுக்கும் தாங்கும்.

## அறிகுறி 4: மஸ்ட், ஹேட் டு, மஸ்ட் ஹேவ், ஷுட் ஹேவ் நான்கும் ஒன்றாகக் குழம்புவது

இதை அவசரப்படாமல் செய்யுங்கள். இங்கே தமிழே நம்மைக் கவிழ்க்கிறது.

"அவர் வந்திருக்க வேண்டும்." இதற்கு இரண்டு அர்த்தம். வாசலில் செருப்பு கிடக்கிறது, ஆகவே வந்திருக்க வேண்டும். அல்லது, பத்து மணிக்கே வந்திருக்க வேண்டும், இன்னும் ஆளைக் காணோம். பேசும்போது குரலே காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலம் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. முதலாவது மஸ்ட் ஹேவ், இரண்டாவது ஷுட் ஹேவ்.

சோதனை: வாக்கியத்தின் கடைசியில் "ஆனால் இல்லை" என்று ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் ஷுட் ஹேவ். ஒட்டாவிட்டால், அதற்குப் பதில் "போல" ஒட்டினால், மஸ்ட் ஹேவ். மேட்டுப்பாளையம் பஸ்ஸை வைத்தே செய்து பார்க்கலாம். ஸ்டாண்டில் பஸ்ஸும் இல்லை, நிற்கிற கூட்டமும் இல்லை: "தி பஸ் மஸ்ட் ஹேவ் லெஃப்ட்." பஸ் அங்கேயே நிற்கிறது, நேரம் தாண்டிவிட்டது: "தி பஸ் ஷுட் ஹேவ் லெஃப்ட்." சொல்லைத் தப்பாகப் போட்டால் கேட்பவர் நிற்கிற பஸ்ஸை விட்டுவிட்டு டாக்ஸி பிடிக்கப் போய்விடுவார்.

இப்போது ஹெலனுக்கு வருவோம். கல்லூரி வகுப்பில் ஆசிரியர் பேசுவது அவருக்குக் கேட்காது, ஆன் பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தை அவர் கையில் எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. இது நடந்தது. "ஆன் ஹேட் டு ஸ்பெல் தி லெக்சர்ஸ் இன்டு ஹர் ஹேண்ட்." இந்த இடத்தில் "ஆன் மஸ்ட் ஸ்பெல்" என்று எழுதுவதுதான் பொதுவான தப்பு, கட்டாயம் என்ற பொருளில் மஸ்ட் தனியாக நின்று இறந்தகாலம் காட்டாது, ஹேட் டு-விடம் வேலையைக் கொடுத்துவிட வேண்டும். அதே விஷயத்தில் நாம் நினைப்பதைச் சொன்னால்: "இட் மஸ்ட் ஹேவ் பீன் டயரிங்." களைப்பாக இருந்திருக்கும் போல, இது நம் ஊகம். கதையை எடுத்து, ஹேட் டு வரும் இடத்தில் "ந" என்றும் மஸ்ட் ஹேவ் வரும் இடத்தில் "ஊ" என்றும் ஓரத்தில் பென்சிலால் போடுங்கள். நடந்தது, ஊகம். ஒரே பக்கத்தில் தெளிந்துவிடும்.

இன்னும் குழம்பினால் காரணம் இலக்கணம் இல்லை, வினைச்சொல்லின் மூன்றாவது வடிவம் வராததுதான். மஸ்ட் ஹேவ் கோ என்று எழுதுகிறவருக்கு மோடல் பிரச்சினையே கிடையாது, கான், டன், சீன், டேக்கன் பட்டியல்தான் பாக்கி. அதை முதலில் முடியுங்கள், இது தானாக வரும்.

ஒரு இடைச்செருகல். மற்றவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது ஷுட் அப்படியே நிற்கும், ஷுட் ஹேவ் ஆக வேண்டியதில்லை. டெலிபோன் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல்தான் ஹெலனின் பெற்றோரைப் பெர்கின்ஸ் பள்ளிக்கு எழுதச் சொன்னவர். "பெல் செட் தே ஷுட் ரைட் டு பெர்கின்ஸ்." எழுதினார்கள், ஆன் வந்தார். ஷுட் ஹேவ் போட்டால் எழுதவே இல்லை என்றாகிவிடும்.

## அறிகுறி 5: ஊகத்தை உண்மை மாதிரி எழுதுவது

ஹெலனுக்கு வந்த நோய் எது என்று அப்போது யாரும் உறுதியாகக் கண்டுபிடிக்கவில்லை. ஸ்கார்லெட் காய்ச்சலாக இருந்திருக்கலாம், மூளைக்காய்ச்சலாகவும் இருந்திருக்கலாம் என்கிறார்கள். பிள்ளைகள் எழுதுவது: "ஷி ஹேட் மெனிஞ்சைட்டிஸ்." மோடலைக் காணோம். எழுத வேண்டியது: "இட் மே ஹேவ் பீன் மெனிஞ்சைட்டிஸ்." மே-க்குப் பதில் மைட் போட்டாலும் குட் போட்டாலும் தப்பில்லை, இந்த மூன்றுக்கும் நடுவில் மயிரிழை வித்தியாசம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சோதனை: தமிழில் "லாம்" வந்தால் மூன்று கேள்வி. அனுமதியா? அப்படியானால் கேன் அல்லது மே. "வாங்க, போகலாம்" மாதிரி அழைப்பா? அது மோடலே இல்லை, லெட்ஸ். ஊகமா? மே, மைட், குட். கடந்தகாலம் என்றால் பின்னால் ஹேவ். ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கு இது தினசரித் தேவை. ராத்திரி கேட் பக்கம் காட்டுமாடு நிற்கலாம் என்பதை "பைசன் கேன் ஸ்டாண்ட்" என்று சொன்னால் விருந்தாளிக்கு அது காட்டுமாட்டின் திறமையைப் பற்றிய செய்தி, அவர் பாட்டுக்கு டார்ச் இல்லாமல் இறங்கிவிடுவார். "தேர் மே பி எ பைசன் நியர் தி கேட்."

மே பி இரண்டு சொல்லாக இருந்தால் வினை, மேபி ஒரே சொல்லாக இருந்தால் ஒருவேளை. வாக்கியத்தின் முதலில் ஒருவேளை போட முடிந்தால் சேர்த்து எழுதுங்கள்.

## அறிகுறி 6: மஸ்ட் நாட் எங்கே, டோன்ட் ஹேவ் டு எங்கே

"வேண்டாம்" என்ற ஒரே சொல்லால் தடுக்கவும் செய்கிறோம், அவசியமில்லை என்றும் சொல்கிறோம். சோதனைக்கு "ஆசைப்பட்டால் செய்துகொள்ளலாம்" என்று பின்னால் சேர்த்துப் பாருங்கள். சேர்ந்தால் டோன்ட் ஹேவ் டு, சேராவிட்டால் மஸ்ட் நாட். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நீலகிரிக்குக் கொண்டுவரக் கூடாது: மஸ்ட் நாட். 2024 மே 7 முதல் வெளியூர்க் கார்களுக்கு இ-பாஸ் வேண்டும், ஆனால் அரசு பஸ்ஸில் வருகிறவர் எடுக்க வேண்டியதில்லை: டோன்ட் ஹேவ் டு. கதையில் இதற்கு அதிகம் உதாரணம் கிடைக்காது, இறந்தகாலத்தில் மஸ்ட் நாட் அபூர்வம். அதனால் இதை மட்டும் ஊர் போர்டுகளை வைத்துப் பழகுங்கள்.

## அறிகுறி 7: எழுத்தில் சரி, காதில் கேன், கான்ட் ஒன்றாகவே விழுகிறது

முதல் காரணம், நாம் கேன் என்பதை அழுத்திச் சொல்லிப் பழகியது. பேச்சு ஓட்டத்தில் ஆங்கிலம் தாய்மொழியானவர்கள் "ஐ க்ன் கம்" என்று கேனை விழுங்கிவிட்டு கம்மை அழுத்துவார்கள். மறுக்கும்போது கான்ட் முழுசாக ஒலிக்கும். ஆகவே கடைசி "ட்" கேட்கிறதா என்று காது கொடுக்காதீர்கள், அது பாதி நேரம் கேட்காது. மோடல் அழுத்தமாக வந்ததா, விழுங்கப்பட்டதா என்று மட்டும் பாருங்கள். கதையின் ஆடியோவை முக்கால் வேகத்தில் வைத்து, ஒவ்வொரு குட், குட்ன்ட் வந்ததும் நிறுத்தி விரலால் சைகை காட்டுங்கள். வாடிக்கையாளர் போனில் பேசும்போது சந்தேகம் வந்தால் "சோ யூ ஆர் கமிங்?" என்று திருப்பிக் கேட்டுவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

## எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

அறிகுறி 1, 6, 7-க்கு டியூஷன் பணம் கொடுக்காதீர்கள். வீட்டிலேயே ஆகும்.

2, 3, 4-இல் ஒரு மாதம் பென்சில் வேலை பார்த்தும், நீங்களே புதிதாக எழுதும் பத்தியில் அதே தப்பு வந்தால் ஆசிரியரிடம் போகலாம். அதற்கு முன் ஒரு விஷயம் பாருங்கள், நீங்கள் படிக்கும் கதை உங்களுக்குக் கடினமாக இருக்கிறதோ என்னவோ. ஹெலனே 1903-இல் எழுதிய தன் வரலாறு குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது என்று சிலர் நேராக அதை எடுத்துக்கொண்டு உட்காருகிறார்கள். நல்ல புத்தகம், ஆனால் நூறு வருஷத்துக்கு மேல் பழைய நடை, வாக்கியங்கள் நீளம். ஒரு பக்கத்தில் பத்துச் சொல்லுக்கு மேல் அகராதி பார்க்க வேண்டியிருந்தால் கீழே இறங்கி எளிய பதிப்பை எடுங்கள். அப்புறம் முடிவு செய்யலாம்.

நர்சிங் தேர்வு எழுதுகிறவர்கள் மட்டும் காத்திருக்க வேண்டாம். நோயாளிக்கான கடிதத்தில் ஷுட், மஸ்ட், மே இடம் மாறினால் அறிவுரை உத்தரவாகிவிடும், ஊகம் நோய்க்கண்டுபிடிப்பாகிவிடும். தேர்வு முறை தெரிந்த, கடிதத்தைத் திருத்திக் கொடுக்கும் ஆளிடம் முதல் மாதமே காட்டிவிடுங்கள்.

குழந்தை விஷயத்தில் ஒரு தனிக்குறிப்பு. ஆங்கிலத்தில் மட்டும் தடுமாறினால் அது பாடம். தமிழிலும் எழுத்து இடம் மாறி, வரி தவறி, வாசிக்கவே அழுகிறது என்றால் அது மோடல் வெர்ப் சமாச்சாரம் இல்லை. கண்ணையும் காதையும் டாக்டரிடம் காட்டிவிட்டு, கற்றல் குறைபாடு பரிசோதிக்கும் சிறப்பு ஆசிரியரிடம் அழைத்துப் போங்கள், இன்னொரு டியூஷனில் சேர்க்காதீர்கள்.

ஆசிரியரிடம் போகும்போது அந்த நோட்டை எடுத்துப் போங்கள், "ந", "ஊ" குறித்த பக்கமும் நீங்கள் எழுதிய வீட்டுக் கதையும் அதில் இருக்கட்டும். கோளாறு எங்கே என்று அவருக்குப் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் கேன் என்றால் முடியும், மஸ்ட் என்றால் வேண்டும் என்று போர்டில் எழுத ஆரம்பித்தால், கட்டணம் கட்டுவதற்கு முன்பே வேறு ஆளைப் பாருங்கள்.